சென்னம்மாள் வெளியே வைத்த பக்கெட்

எங்கள் ஊர் மாவு மில்லில் ஒரு சட்டம் உண்டு. யாரும் அதை எழுதி மாட்டியதில்லை. கொண்டுவந்த பாத்திரத்தைச் சுவரோரம் வரிசையில் வைத்துவிட்டால் அதுதான் உங்கள் இடம். அதன்பிறகு நீங்கள் வீட்டுக்குப் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரலாம், கடையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். பாத்திரம் உங்களுக்காக நிற்கும். முன்னால் இருப்பது அரைபட்டதும், பின்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பாத்திரத்தையும் சேர்த்து நகர்த்தி வைப்பார். அவசரம் என்று யாரும் இன்னொருவரின் பாத்திரத்தைத் தாண்டி வைக்க மாட்டார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டு அன்னக்கூடைக்கும், கூலிக்குப் போகிற வீட்டுப் பெயிண்ட் டப்பாவுக்கும் ஒரே வரிசைதான்.

இந்தச் சட்டத்தை இத்தனை வருடம் காப்பாற்றி வந்தவர் சென்னம்மாள் அக்கா. அதை ஒருமுறை மீறியவரும் அவர்தான். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒருமுறையால்தான். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். எங்கள் வீடு மில்லுக்கு எதிரே. அதனால் பலவற்றை நேரில் பார்த்தேன். பார்க்காததை அக்காவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சென்னம்மாள் அக்கா பிறந்தது நல்லம்பள்ளிப் பக்கம். மாதேஸ்வரன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த புதிதில் மில்லுக்குள் கால் வைக்கவே பயப்படுவாராம். ஓடுகிற பெல்ட் புடவையை இழுத்துவிடும் என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு வேறு வழி இல்லாமல், நைட்டிக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு அக்காவே மிஷினருகில் நின்றார். மாலையில் வீட்டுக்குப் போகும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். ஒரே மகள் ஐஸ்வர்யா தருமபுரியில் நர்சிங் படிக்கிறாள். அவள் லீவுக்கு வரும்போது, "எங்கம்மாவுக்கு இப்பவே நரைச்சுருச்சு, தட்டுனா போயிரும்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மில் இருக்கிற இடம் மாரியம்மன் கோயிலுக்குச் சொந்தம். கோயில் ஊருக்குச் சொந்தம். மாதேஸ்வரன் அண்ணனின் அப்பா காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் அது. ஆகவே ஊர் காலி பண்ணச் சொன்னால் காலி பண்ண வேண்டியதுதான். இது அக்காவுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

அக்காவைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். தங்கமான பொம்பளை, எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டா. மாமியார் சொன்னால் சரி, வீட்டுக்காரர் சொன்னால் சரி, ஊர் சொன்னால் சரி. இதை நாங்கள் பாராட்டாகத்தான் சொல்லி வந்தோம்.

மோட்டார் ஓடும்போது மில்லுக்குள் எதுவும் காதில் விழாது. ஆனால் அக்காவுக்கு வாயசைவைப் பார்த்தாலே புரியும். வாசலில் நின்று நீங்கள் "நைசா வேணும்" என்றால் கல்லை இறுக்குவார். "எனக்கு முன்னாடி எத்தன பேரு?" என்றால் விரலைக் காட்டுவார். இதனால் மில்லில் இன்னொரு பழக்கமும் வளர்ந்திருந்தது. மருமகள் மேல் இருக்கும் கோபம், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்ப வராத கவலை, புருஷனைப் பற்றிய சந்தேகம் எல்லாவற்றையும் மோட்டார் ஓடும்போது அக்காவின் முகத்துக்கு நேராக வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அடுத்து நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அக்கா தலையை மட்டும் ஆட்டுவார். மோட்டார் நின்றதும் அந்தப் பேச்சும் நின்றுவிடும். "மழ வர்றாப்புல இருக்குது" என்பார்கள்.

போன கோடையில் ஊர் ஒரு வீட்டைத் தள்ளி வைத்தது. குள்ளம்மாள் பெரியம்மா வீடு. அது ஏரிக்கரையோரம் இருக்கிறது. மகன் மாதவராஜ் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில் வருவார். வீட்டில் பெரியம்மாவும், மருமகள் அன்பரசியும், அன்பரசியின் கைக்குழந்தையும் இருப்பார்கள்.

அர்ச்சுனன் என்பவர் ஏரிக்குள்ளேயே போர் போட்டு, டேங்கரில் தண்ணீர் பிடித்து விற்று வந்தார். வெயில் காலத்தில் எங்கள் தெருக்களுக்கும் சும்மா தண்ணீர் விடுவார். கோயில் விசேஷத்துக்கும் அவர் தண்ணீர்தான். எனவே ஊரில் அவருக்கு நல்ல பெயர். அவர் போர் ஓட ஓட ஏரியோரக் கிணறுகள் வற்றின. பெரியம்மா வீட்டுக் கிணறு முதலில் வற்றியது. மாதவராஜ் அவரிடம் இரண்டு முறை போய்க் கேட்டுப் பார்த்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய்க் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்த்து போருக்குச் சீல் வைத்தார்கள். எங்கள் தெருக்களுக்கு வந்துகொண்டிருந்த சும்மா தண்ணீரும் அதோடு நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பச்சியப்பன் கொடுமைக்காரர் கிடையாது. ஐஸ்வர்யாவைச் சிறுவயதில் பாம்பு கடித்தபோது தன் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர் அவர்தான். அன்றும் அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை.

"ஊரு விசயத்த ஊருக்குள்ள பேசித் தீக்கணும். வெளிய கொண்டு போனா அப்பறம் ஊருன்னு ஒண்ணு எதுக்கு? மாதவராசு வந்து சபையில வுழுந்து கும்புட்டு, மனுவ வாபஸ் வாங்கற வரைக்கும் அந்த வூட்டோட பேச்சு கெடையாது. கடையில சாமான் கெடையாது, மில்லுல அரைக்கறது கெடையாது. மீறறவங்களுக்கும் இதே கட்டுப்பாடுதான்" என்றார். பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "மாத்துக் கருத்து இருக்கறவங்க இப்பவே சொல்லிடுங்க."

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். யாரும் பேசாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று அர்த்தம். கையைத் தூக்கச் சொல்வதில்லை, பெயர் கூப்பிடுவதில்லை.

பெண்கள் பக்கத்தில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். சென்னம்மாள் அக்கா பக்கத்தில் நின்ற தீர்த்தம்மாளைப் பார்த்தார். தீர்த்தம்மாள் சசிகலாவைப் பார்த்தார். சசிகலா தன் கால் விரல்களைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் ஒருவர் இருமினார். எல்லாரும் அவர் பேசப்போகிறார் என்று திரும்பினோம். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப சரி" என்றார் பச்சியப்பன்.

கோல்காரர் வீரமணி, அதாவது ஊர் முடிவைத் தெருத்தெருவாகச் சொல்லுகிறவர், அதைச் சொல்லிக்கொண்டு போனார். சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து மாதவராஜ் நீக்கப்பட்டார் என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் பாலக்கோடு மார்க்கெட் தக்காளி விலையைப் போட்டார்.

ஒரு வாரம் போயிருக்கும். குள்ளம்மாள் பெரியம்மா ஒரு பச்சை பக்கெட்டில் ராகி கொண்டுவந்து மில் வரிசையில் வைத்தார். கதவுக்கு வெளியே புளியமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

வரிசை நகர்ந்தது. பக்கெட்டுக்கு முன்னால் இருந்தவை எல்லாம் அரைபட்டுப் போயின. அடுத்து பக்கெட்தான். சென்னம்மாள் அக்கா அதைப் பார்த்தார், பிறகு அதற்குப் பின்னால் இருந்த சசிகலாவின் போசிப் பாத்திரத்தைப் பார்த்தார். சசிகலா தன் போசியை மெல்லத் தூக்கி, பக்கெட்டைச் சுற்றிக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். அதன் பிறகு எல்லாரும் அப்படியே செய்தார்கள். எங்கள் வீட்டு டப்பாவும் அப்படித்தான் போனது. தண்ணீரில் கிடக்கிற கல்லைச் சுற்றித் தண்ணீர் போவதுபோல வரிசை அந்தப் பக்கெட்டைச் சுற்றிப் போனது. பெரியம்மா வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பக்கெட் மட்டும் நின்றது. அக்கா மோட்டாரை நிறுத்தினார். அரைத்து முடித்த பெண்கள் போகாமல் வாசலில் நின்றார்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க. அக்கா பக்கெட்டின் கம்பியைப் பிடித்துத் தூக்கினார். கொண்டுவந்து வாசற்படிக்கு வெளியே மண்ணில் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

பெரியம்மா வந்து பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

பாலக்கோட்டில் மில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. பஸ் ஏறிப் போனால் அரைத்துக்கொண்டு வரலாம். பாக்கெட் மாவும் கிடைக்கிறது. அந்த வீட்டில் யாரும் களி இல்லாமல் பட்டினி கிடக்கவில்லை. அடுத்த வாரமே பெரியம்மா பாலக்கோட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி, மில் வாசல் வழியாகத்தான் நடந்து போனார். பிரச்சினை மாவில் இருந்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். சென்னம்மாள் அக்காவுக்கு அது தீரவில்லை. "ராத்திரி சோத்துல கைய வச்சா அந்தக் கம்பியப் புடிச்ச மாதிரியே இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் விசித்திரமான ஒன்று நடக்க ஆரம்பித்தது. மோட்டார் ஓடும்போது ஒவ்வொருவராக அக்காவின் முகத்துக்கு நேரே வந்தார்கள். யார் யார் என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் என் அம்மா போனதை நான் பார்த்தேன், வீட்டில் கேட்டேன்.

"என்னா சொன்ன அக்காகிட்ட?"

"ஒண்ணுமில்ல. பாவம், பச்சப்புள்ள இருக்கற வூடுன்னு சொன்னேன்."

"அதக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமில்ல?"

"ஊரே ஒரு பக்கம் நிக்கறப்ப நான் ஒருத்தி சொல்லி? போயி வேலயப் பாரு."

அக்காவிடம் வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவர் பின்பக்கமாகப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். ஒருவர் மாதவராஜ் செய்தது நியாயம்தான், தன் கிணறும் வற்றித்தான் போனது என்றார். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போன வீரமணியே, தனக்கு அதைச் சொல்லவே பிடிக்கவில்லை என்றாராம். ஒவ்வொருவரும் முடிக்கும்போது ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "நான் என்னா பண்றது, ஊரு சொல்லுது." மோட்டார் நின்றதும் தக்காளி விலையைப் பேசினார்கள்.

அக்கா மாவைத் தட்டிக்கொண்டே மனதுக்குள் ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கொண்டு வந்தார். பெரியம்மா வீட்டைத் தள்ளி வைக்கச் சொன்னது இந்த வீடு இல்லை, அந்த வீடும் இல்லை. அப்படியானால் அந்த ஊர் எங்கே இருக்கிறது? ஊர்க்கவுண்டர் வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதக் கடைசியில் பச்சியப்பனே மில்லுக்கு வந்தார். வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவரே ராகி கொண்டுவந்திருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். இதை அவரே பின்னால் பலரிடம் சொல்லியிருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

"அந்தக் கொழந்த எப்பிடி இருக்குதாமா? யாராச்சும் சொன்னாங்களா?"

அக்கா தலையாட்டினார். நன்றாக இருக்கிறது என்று.

"எனக்கு மனசுக்கு ஒப்பலம்மா. ஆனா நான் ஒருத்தன் நெனச்சு என்னா பண்றது? ஊரு சொல்லுது."

துணிக்குழாயைத் தட்டுகிற கட்டை அக்காவின் கையில் அப்படியே நின்றுவிட்டதாம். வெளியே வரும் மாவு துணிக்குழாயில் அடைத்துப் புடைத்துக்கொண்டது. பச்சியப்பன் கையைக் காட்டிய பிறகுதான் அக்கா தட்டினார்.

எனக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. "சிரிக்காத. எல்லாரும் அடுத்தவங்களப் பாத்துப் பயந்தாங்க. நான் எல்லாத்தையும் கேட்டவ. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மாதான் இருந்தேன். பக்கெட்டத் தூக்கறப்ப எனக்குத் தெரியாது, சரி. தெரிஞ்ச பின்னாடியும் போயி ஒரு வார்த்த சொன்னனா? இல்லையே. எடம் போயிருமேன்னு இருந்தேன். ஐசு படிப்ப நெனச்சேன்" என்றார்.

ஆடி மாதம் எங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு படி ராகி என்று கோல்காரர் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, கூழுக்கு முந்தின நாள் மில்லில் அரைப்பார்கள். ஒரு வீட்டு ராகிகூட விடுபடக் கூடாது என்பது வழக்கம். வெளியூர் போனவர்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொடுப்பார்கள். இந்தமுறை வீரமணி ஏரிக்கரைக்குப் போகாமல் திரும்பிவிட்டார்.

அரைக்கிற அன்று காலையில் அக்கா மில்லைத் திறக்க வந்தபோது, வரிசையில் முதலாவதாக, பூட்டின கதவுக்கு முன்னால், அந்தப் பச்சை பக்கெட் இருந்தது. பெரியம்மா புளியமரத்தடியில் நின்றார். "கூழுக்கு எங்க வூட்டு ராகி" என்று மட்டும் சொன்னார். அக்கா கதவைத் திறந்து, பக்கெட்டை உள்ளே சுவரோரம், வரிசையின் முதல் இடத்தில் வைத்தார். வேறு எங்கும் வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டிராக்டரில் மூட்டைகள் வந்தன. பச்சியப்பன், வீரமணி, அர்ச்சுனன், கூட ஒத்தாசைக்கு வந்த பெண்கள், வேடிக்கை பார்க்க நாங்கள். மூட்டைகள் பக்கெட்டுக்குப் பின்னால் இறங்கின. அக்கா சுவிட்சைப் போட்டார். மோட்டார் வேகம் பிடித்தது.

அர்ச்சுனன் பக்கெட்டைக் காலால் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்கு மட்டும் கட்டாயம் புரிந்திருக்கும். ஆனால் அக்கா காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். அவர் மறுபடி சொன்னார். அக்கா மறுபடி காதைத் தொட்டார். அக்கா அப்படிச் செய்து நாங்கள் பார்த்ததே இல்லை. சசிகலாவுக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அக்கா சுவிட்சை நிறுத்தினார். பெல்ட் சுற்றி அடங்கியது.

"இப்ப சொல்லுங்கண்ணா" என்றார்.

"இந்தப் பக்கெட்ட எடுத்து அந்தாண்ட வைன்னேன். சாமி ராகியோட இது சேரக் கூடாது."

எல்லாரும் அக்காவின் கையைப் பார்த்தோம். போனமுறை அது என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். அக்கா குனிந்து கம்பியைப் பிடித்துப் பக்கெட்டைத் தூக்கினார். வாசலைப் பார்த்துத்தான் திரும்பினார். பெரியம்மா மரத்தடியிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அப்படியே நின்றார். பக்கெட்டின் கனத்தில் ஒரு தோள் இறங்கி இருந்தது.

"நான் வெளிய வைக்கறேன்" என்றார். "ஆனா அன்னிக்கு மாதிரி வேணாம். மோட்டாரு ஓடறப்ப எங்கிட்ட நெறைய பேரு பேசினீங்க. இப்ப ஓடல. இந்த ராகியக் கூழுல சேக்க வேணாங்கறவங்க சத்தமா சொல்லுங்க. மாத்துக் கருத்து இருக்கறவங்க இப்பவே சொல்லிடுங்க."

கோயில் முன்னால் கேட்கப்பட்ட அதே கேள்விதான். கேட்டவர் மட்டும் வேறு. யாரும் பேசாவிட்டால் என்ன அர்த்தம் என்பதும் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

"எனக்கு வேணாம்" என்றார் அர்ச்சுனன்.

"சரிங்கண்ணா. உங்களுக்கு வேணாம். வேற?"

அர்ச்சுனன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வீரமணி மூட்டையின் கட்டை அவிழ்ப்பதுபோல் குனிந்துகொண்டார். என் அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது.

"மாமா, நீங்க?" என்று அக்கா பச்சியப்பனைக் கேட்டார். குரல் நடுங்கியது. தைரியசாலிகளுக்குக் குரல் நடுங்காது என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

பச்சியப்பன் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "மில்லுக்குள்ள வரிச உன்னுதும்மா. அதுல நான் என்னா சொல்றது?"

அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அப்போது தீர்த்தம்மாள்தான், "ஏண்டி சென்னம்மா, கரண்ட்டு போயிரப்போவுது. நின்னுகிட்டே இருக்கற. கொட்டி அரைடி, மத்தியானத்துக்கு வூட்டுல ஒலயும் வைக்கல நானு" என்றார். நியாயத்துக்காகச் சொன்னாரா, உலைக்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாதோ என்னவோ. ஆனால் அந்தப் பேச்சு வந்ததும் இரண்டு மூன்று பெண்கள், "ஆமா, அரைங்கக்கா" என்றார்கள்.

அக்கா சுவிட்சைப் போட்டார். படியில் ஏறிப் பக்கெட்டை மிஷினின் வாயில் கவிழ்த்தார். அதன் மேலேயே முதல் மூட்டையையும் கொட்டச் சொன்னார். இனி யாராலும் எது எந்த வீட்டு ராகி என்று பிரிக்க முடியாது.

அர்ச்சுனன், "இந்தக் கூழ நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவர் தொடவில்லை. ஆனால் அவர் மனைவி பெரிய தூக்குப்போசியோடு வந்து கூழ் வாங்கிக்கொண்டு போனார்.

கட்டுப்பாடு நீங்கிவிட்டது என்று யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. மாதவராஜ் சபையில் விழவும் இல்லை, மனுவை வாபஸ் வாங்கவும் இல்லை. கடைக்காரர் ஒருநாள் பெரியம்மாவுக்குச் சோப்புக் கொடுத்தார், அடுத்த நாள் எண்ணெய் கொடுத்தார். வாட்ஸ்அப் குழுவில் மாதவராஜை யாரோ மறுபடி சேர்த்தார்கள். அவர் வெளியேறிவிட்டார். அர்ச்சுனனுக்கு வேண்டிய சில வீடுகள் இப்போது பாலக்கோட்டுக்குப் போய் மாவு அரைக்கின்றன. கோயில் இடத்தை அளக்க வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது எழுகிறது. அக்கா அதைக் கேள்விப்படும்போதெல்லாம், "அளக்கட்டும்" என்கிறார். ஆனால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை என்று ஐஸ்வர்யா சொன்னாள்.

ஊரில் இப்போது அக்காவைச் சிலர் ரொம்பப் புகழ்கிறார்கள். ஒரு பொம்பளை தனியாக நின்று ஊரையே திருப்பிவிட்டாள் என்று. அப்படி எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொன்றையும் நான் பார்த்தேன்.

ஆவணி மாதம் பெரியம்மா அதே பக்கெட்டோடு மில்லுக்கு வந்தார். வரிசையில் வைத்தார். அவர் முறை வந்தது, அக்கா அரைத்தார். மோட்டார் ஓடும்போது பெரியம்மா ஏதாவது சொல்வார் என்று அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் உதடு அசையவில்லை. மாவைப் பக்கெட்டில் வாங்கி, மேலே துணியைப் போட்டு மூடினார். மோட்டார் நிற்கும்வரை காத்திருந்தார். பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம்.

"அன்னிக்கு எதுக்குச் சென்னம்மா தூக்கி வெளிய வச்ச?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அக்கா கட்டையைக் கீழே வைத்தார். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்கக்கா."

"நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா மன்னித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா பக்கெட்டை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, எங்களுக்கு நடுவே நடந்து வெளியே போனார். நாங்கள் விலகி வழி விட்டோம்.

அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். இருவரும் பேசுவதில்லை. ஆனால் பெரியம்மாவின் பக்கெட் வரிசையில் இருக்கும்போது, முன்னால் உள்ளது அரைபட்டதும், அதை நகர்த்தி வைக்க அக்கா வேறு யாரையும் விடுவதில்லை. மிஷினை விட்டு இறங்கி வந்து, கம்பியைப் பிடித்து, தானே ஓரிடம் முன்னால் வைக்கிறார்.